கார்டு போச்சுன்னு யார் சொன்னது?

உங்க டிபார்ட்மென்ட் லேப்பிலும் நிச்சயம் ஒண்ணு இருக்கும். கடைசி வரிசை, ஜன்னல் ஓரம். வெள்ளையாகப் பிறந்து வெயிலில் மஞ்சளாகிப்போன கேபினெட். அரை மேஜையை அடைத்துக்கொண்டு ஒரு குண்டு மானிட்டர். ‘தொடாதே’ என்று ஒரு பேப்பர் ஒட்டியிருக்கும். ஒட்டினவர் யார், ஏன் ஒட்டினார்... யாருக்கும் தெரியாது. ஆனா நாலு வருஷமும் யாரும் தொட மாட்டோம்!

அந்த மாதிரி மெஷின் ஒருநாள் நெட்வொர்க்கில் இருந்து காணாமல் போகும். உடனே யாராவது ஒரு பெரிய மனுஷன் வந்து, ‘கார்டு போச்சு... தூக்கிப் போட்டுட்டு புதுசு வாங்குங்க’ என்று தீர்ப்பு சொல்வார். ஃப்ரெண்ட்ஸ், அவசரப்பட்டு தலையாட்டிடாதீங்க. அந்தத் தீர்ப்புக்கு முன்னாடி சாட்சியை விசாரிக்கணும். சாட்சி யாருன்னா, அந்த மெஷினேதான். பழைய யூனிக்ஸ் ஜாதி மெஷின்களிடம் ஒரு நல்ல குணம் உண்டு. கேட்கிற விதத்தில் கேட்டால் ஒளிவுமறைவு இல்லாமல் பதில் சொல்லும். ஆனால், படிப்படியாகக் கேட்கணும். கீழ் படியைத் தாண்டி மேல் படிக்குத் தாவினால் அதுவும் குழம்பும், நாமும் குழம்புவோம்.

எப்படிக் கேட்கிறதுன்னு, போன வருஷம் ஜூன் மாசம் நான் கேட்ட கதையை வெச்சே சொல்றேன். கொஞ்சம் கமாண்ட் எல்லாம் வரும். பயப்படாதீங்க. கம்ப்யூட்டர் சயின்ஸ் படிக்காதவங்களுக்கும் புரியும். நானே இ.சி.இ-தான் பாஸ்!

கண்டம் லிஸ்ட்டில் ஒரு கிணறு

எங்கள் காலேஜ் சென்னைப் புறநகரில் இருக்கிறது. சிவில் டிபார்ட்மென்ட் பின்னால் ஒரு பழைய கிணறு, பக்கத்தில் ஒரு மழைமானி. தினமும் காலை ஏழு மணிக்குக் கிணற்றில் தண்ணீர் எவ்வளவு ஆழத்தில் இருக்கிறது, முந்தின நாள் எத்தனை மில்லிமீட்டர் மழை பெய்தது என்று அளந்து எழுதுவார் லேப் அட்டெண்டர். வயது அறுபதை நெருங்குகிறது. ஆனாலும் எல்லா பேட்ச்சுக்கும் அவர் ‘அண்ணா’தான்.

2005 முதல் இந்தக் கணக்கெல்லாம் அந்த மஞ்சள் கேபினெட்டில்தான் ஏறியிருக்கிறது. பென்டியம் 3 பிராசஸர், 256 எம்பி மெமரி. உள்ளே ஓடுவது ஃபிரீபிஎஸ்டி 4.11. கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் பெர்க்லி வளாகத்தில் வளர்ந்த யூனிக்ஸின் வாரிசு அது. 2005 ஜனவரியில் வெளியான பதிப்பு. 2007 ஜனவரியோடு அதற்கான பாதுகாப்பு அப்டேட்டுகளும் நின்றுபோயின. எனக்கும் அதுக்கும் கிட்டத்தட்ட ஒரே வயசு. ஆனா அது என்னைவிட ரெகுலரா காலேஜ் வந்திருக்கு!

2005-க்கு முந்தைய கணக்கு? 1984 முதல் நோட்டுப் பதிவேடுகளில் கையால் எழுதியிருந்தார்கள். யாரோ புண்ணியவான்கள் அதையெல்லாம் ஸ்கேன் செய்து இதே மெஷினில் போட்டு வைத்திருந்தார்கள். 2015 டிசம்பர் வெள்ளம் ஞாபகம் இருக்கா? தரைத்தளத்து பீரோவில் இருந்த பதிவேடுகள், அதோடு வைத்திருந்த பேக்கப் சிடிகள்... எல்லாம் இரண்டு நாள் தண்ணீரில் ஊறிக் கூழாகிவிட்டன. மெஷின் முதல் மாடியில் இருந்ததால் பிழைத்தது. ஆக, நாற்பது வருஷத்துக் கிணறு இப்போது ஒரே ஒரு ஹார்ட் டிஸ்க்கில். மொத்தம் சுமார் 6 ஜிபி.

‘பழைய கிணத்துக் கணக்கு எதுக்குப்பா?’ன்னு கேட்பீங்க. தமிழ்நாட்டில் மழைநீர் சேகரிப்பு 2003-ல் எல்லாக் கட்டடங்களுக்கும் கட்டாயமானது. அதனால் நிலத்தடி நீர் ஏறியதா, இல்லையா? ஒரு இடத்திலாவது உறுதியாகச் சொல்லணும்னா, 2003-க்கு முன்னாடியும் பின்னாடியும் ஒரே கிணற்றை, ஒரே மாதிரி அளந்த கணக்கு வேணும். அதுவும் ஒரே கையால் பல வருஷம் அளந்த கணக்கு என்றால் தங்கம் மாதிரி.

அந்தத் தங்கம்தான் கண்டம் லிஸ்ட்டில் ஏறிவிட்டது. மே மாத லீவு முடிந்து திறந்தபோது மெஷின் ஓடியது, ஆனால் நெட்வொர்க்கில் தெரியவில்லை. ஹெச்.ஓ.டி. ரூம் கம்ப்யூட்டர் அதிலிருந்து வாராவாரம் இழுத்துக்கொண்டிருந்த ரிப்போர்ட் நின்றுபோனது. வெளியில் இருந்து வந்த சர்வீஸ் ஆள் பார்த்துவிட்டு, ‘கார்டு போச்சு’ என்றார். வேறொரு பழைய கார்டை மாற்றிப் போட்டுப் பார்த்தார். அதுவும் வேலை செய்யவில்லை. ‘அப்ப மதர்போர்டும் போச்சு’ என்று எழுதிக் கொடுத்துவிட்டுப் போய்விட்டார். அடுத்த வெள்ளிக்கிழமை பழைய சாமான் லாரி வரும் என்று நோட்டீஸ் போர்டில் ஒட்டியாகிவிட்டது. அண்ணாவுக்கு அந்த மாதக் கடைசியில் ரிட்டயர்மென்ட்.

‘பென்டிரைவ்ல காப்பி பண்ணிடலாமே?’ முன்னால் இருந்த யூஎஸ்பி போர்ட் இரண்டும் உடைந்து கிடந்தன. சிடி டிரைவ் கதவு திறக்கவே இல்லை. ஃப்ளாப்பியில் 1.44 எம்பிதான் பிடிக்கும். 6 ஜிபிக்கு நாலாயிரத்துக்கு மேல் ஃப்ளாப்பி வேணும்! ‘டிஸ்க்கைக் கழற்றி அடாப்டரில் மாட்டலாமே?’ மாட்டலாம். ஆனால், அது கடைசி வழி. இருபது வருஷமாக ஒரே இடத்தில் சுற்றிக்கொண்டிருக்கும் டிஸ்க்கைக் கழற்றி, தூக்கி, வேறு இடத்தில் சுழல விடுவது ஒரு சூதாட்டம். ஓடிக்கொண்டிருக்கும்போதே ஒரு கேபிள் வழியாக எடுப்பதுதான் அதற்கு நோகாத வழி.

ஸோ... எல்லாம் அந்த உள்ளங்கை அகல நெட்வொர்க் கார்டில் வந்து நின்றது. எனக்கு ஐந்து நாள் இருந்தது.

முதல் கேள்வி: ஆள் இருக்கியா?

நெட்வொர்க் வரலைன்னா நம்ம பசங்க முதல்ல செய்யறது என்ன? பிரவுசரைத் திறந்து ஒரு வெப்சைட்டைத் தட்டுவாங்க. வரலைன்னா, ‘நெட் இல்ல மச்சி!’ இது பஸ் வரவில்லை என்பதற்காக, ‘ரோடே இல்லை’ என்று சொல்வது மாதிரி. கேபிள், கார்டு, டிரைவர், ஐபி முகவரி, ரூட்டர், பெயரை எண்ணாக மாற்றும் டிஎன்எஸ்... நடுவில் எது அறுந்திருந்தாலும் பிரவுசரில் ஒரே மாதிரி வெள்ளைப் பக்கம்தான் வரும்.

அதனால் நான் ஒரு விதி வைத்துக்கொண்டேன். எந்தச் சோதனை செய்வதற்கு முன்னாலும் நோட்டில் இரண்டு வரி எழுதணும். ‘ஆமா’ன்னு பதில் வந்தா அடுத்து என்ன செய்வேன்? ‘இல்லை’ன்னு வந்தா என்ன செய்வேன்? ரெண்டுக்கும் ஒரே வரிதான் வருதுன்னா அந்தச் சோதனை வேஸ்ட். செய்யவே கூடாது.

முதல் கேள்வி: கார்டு இருப்பதை ஆபரேட்டிங் சிஸ்டம் பார்க்கிறதா? இதற்கான கமாண்ட் ‘டிமெஸேஜ்’. மெஷின் பூட் ஆகும்போது தனக்குள் யார் யாரைப் பார்த்தேன் என்று ஒரு அட்டெண்டன்ஸ் எடுக்கும். அந்த ரிஜிஸ்டர்தான் இது.

ஃபிரீபிஎஸ்டியில் ஒரு சவுகரியம். லினக்ஸில் அந்தக் காலத்தில் எந்த கார்டைப் போட்டாலும் ‘ஈத்0’ என்றுதான் பெயர் வரும். இங்கே டிரைவரின் பெயரே கார்டின் பெயர். இந்த மெஷினில் இருந்தது ரியல்டெக் 8139 சிப்; அதன் டிரைவர் ‘ஆர்எல்’; எனவே கார்டின் பெயர் ‘ஆர்எல்0’. பெயரைப் பார்த்தாலே உள்ளே என்ன சிப் என்று தெரிந்துவிடும். ‘மேன் 4 ஆர்எல்’ என்று அடித்தால் அந்த டிரைவருக்கான விளக்கப் பக்கம் வரும். அது எந்தெந்த எரர் சொல்லும், அதற்கு என்ன அர்த்தம் என்றும் அதிலேயே இருக்கும். நெட் இல்லாத மெஷினை நெட் இல்லாமலே ரிப்பேர் செய்ய வேண்டிய புத்தகம் மெஷினுக்குள்ளேயே இருக்கு. செம இல்ல?

இந்த 8139 சிப்புக்கு ஒரு சுவாரஸ்யமான சரித்திரம் உண்டு. 2000-களின் ஆரம்பத்தில் விலை மலிவான கார்டு என்றால் பெரும்பாலும் இதுதான். ஃபிரீபிஎஸ்டிக்கு இதன் டிரைவரை எழுதியவர் பில் பால். அந்த புரோகிராமின் தொடக்கத்திலேயே இந்த சிப்பைக் கன்னாபின்னாவென்று கிண்டலடித்து ஒரு குறிப்பு எழுதியிருக்கிறார். அவர் சொன்ன காரணம் நியாயமானது. வரும் பாக்கெட்டுகளை எல்லாம் இந்த சிப் ஒரே வளையத்தில் வரிசையாகக் கொட்டிவிடும். அதிலிருந்து ஒவ்வொன்றையும் பிராசஸர்தான் அள்ளி வேறு இடத்தில் வைக்கணும். அனுப்புவதற்கும் நான்கே நான்கு இடம்தான். ஆனால், திட்டிவிட்டுப் போய்விடவில்லை மனுஷன். அந்தக் குறைகளோடு அதை ஓட வைக்கிற டிரைவரையும் எழுதிக் கொடுத்தார். அதனால்தான் இத்தனை வருஷம் எங்கள் கிணறு பேசியது.

சரி, டிமெஸேஜ் என்ன சொன்னது? இரண்டு வரி. முதல் வரியில், ‘ஆர்எல்0: ரியல்டெக் 8139’ என்று கார்டைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டிருந்தது. அடுத்த வரியில், ‘இன்டரப்ட் கிடைக்கவில்லை’ என்ற அர்த்தத்தில் ஒரு புலம்பல். கூடவே ‘6’ என்று ஒரு எரர் எண். மேன் பக்கத்தில் தேடினால், ‘கருவி தயார் செய்யப்படவில்லை’ என்பதுதான் அந்த 6. ‘பிசிஐகான்ஃப்’ என்று இன்னொரு கமாண்ட் உண்டு. அதில் கார்டு தன் சிப் எண்ணைச் சரியாகச் சொன்னது. ஆனால், டிரைவர் பெயர் வர வேண்டிய இடத்தில் ‘யாரும் இல்லை’.

இங்கேதான் எனக்குப் பொறி தட்டியது. செத்த கார்டு தன் பெயரைச் சொல்லாது! பெயர் சொல்லுது, நம்பர் சொல்லுது... அப்போ ஆள் உயிரோடுதான் இருக்கான். அவனுக்கு ஏதோ ஒண்ணு கிடைக்கல.

இன்னொரு விஷயமும் உறுத்தியது. மாற்றிப் போட்ட இரண்டாவது கார்டும் வேலை செய்யவில்லை என்றார்கள் இல்லையா? ரெண்டு கார்டும் ஒரே வாரத்தில் சாகுமா? ‘ரெண்டும் போச்சு’ன்னு நம்புறதைவிட, ரெண்டுக்கும் பொதுவா ஏதோ ஒண்ணு போச்சுன்னு நம்புறது ஈஸி.

காலிங் பெல் இல்லாத வீடு

இன்டரப்ட் என்றால் என்ன? காலிங் பெல்தான். கார்டுக்கு ஒரு பாக்கெட் வந்தால் அது பிராசஸரின் கதவு மணியை அடிக்கும். ‘சார், பார்சல்!’ பிராசஸர் செய்துகொண்டிருந்த வேலையை அப்படியே வைத்துவிட்டு வந்து வாங்கிக்கொள்ளும். பழைய பிசியில் 0 முதல் 15 வரை மொத்தம் 16 மணிகள். 0 டைமருக்கு, 1 கீபோர்டுக்கு, 14 ஹார்ட் டிஸ்க்குக்கு என்று பாதிக்கு மேல் ஏற்கெனவே பட்டா போட்டாகிவிட்டது. மிச்சம் இருப்பதை மற்ற கார்டுகளுக்குப் பிரித்துக் கொடுக்கணும். மணி கிடைக்காத கார்டை டிரைவர் ஏற்றுக்கொள்ளாது. பெல்லே இல்லாத வீட்டுக்கு கூரியர் பையன் எத்தனை தடவை வந்து என்ன பிரயோஜனம்?

பிரித்துக் கொடுப்பது யார்? மெஷின் ஆன் ஆனதும் முதலில் கண் விழிக்கும் பயாஸ். அதில் ஒரு செட்டிங் இருக்கும்: ‘பிளக் அண்ட் பிளே ஓஎஸ் - எஸ் / நோ’. விண்டோஸ் 95 காலத்தில் வந்த பழக்கம் இது. ‘எஸ்’ என்று இருந்தால், ‘வர்ற ஆபரேட்டிங் சிஸ்டம் கெட்டிக்காரன், அவனே பிரிச்சுக்குவான்’ என்று பயாஸ் பல கார்டுகளுக்கு மணி கொடுக்காமலே விட்டுவிடும். ஆனால், அந்தக் கால ஃபிரீபிஎஸ்டி, பயாஸ் எல்லாம் பிரித்துவைத்திருக்கும் என்று நம்பி வரும். மாமியார் சமைப்பாங்கன்னு மருமகளும், மருமகள் சமைப்பாள்னு மாமியாரும் காத்திருந்த வீட்டில் யாருக்கும் சாப்பாடு இல்லாத கதை. அதனால்தான் ஃபிரீபிஎஸ்டி போடும்போது இதை ‘நோ’ என்று வைக்கச் சொல்வார்கள்.

ஆனா இருபது வருஷமா ‘நோ’-வில் இருந்த செட்டிங், லீவில் எப்படி மாறும்? யாருமே தொடலையே!

இந்த இடத்தில் மெஷினிடம் கேட்க எனக்குக் கேள்வி தீர்ந்துபோனது. அண்ணாவிடம் கேட்டேன். “அண்ணா, லீவு முடிஞ்சு வந்ததுல இருந்து நெட்வொர்க்கைத் தவிர வேற ஏதாவது மாறியிருக்கா? சின்ன விஷயமா இருந்தாலும் சொல்லுங்க.”

அவர் யோசிக்கவே இல்லை. “தேதிம்மா. தினமும் காலைல ஆன் பண்ணா 2000 ஜனவரி 1-னு காட்டுது. நானே மாத்திட்டுதான் என்ட்ரி போடுறேன்.”

“சர்வீஸ்காரர்கிட்ட இதைச் சொன்னீங்களா?”

“அவரு என்கிட்ட எதுவும் கேக்கலையேம்மா!”

வழக்கு அந்த நிமிஷமே முடிந்தது. மதர்போர்டில் எட்டணா காசைவிடக் கொஞ்சம் குறைய சைஸில் ஒரு பட்டன் பேட்டரி இருக்கும். சிஆர்2032. மெஷின் ஆஃபில் இருக்கும்போது கடிகாரத்தையும் பயாஸ் செட்டிங்குகளையும் காப்பாற்றுவது அதுதான். பிளக் செருகி மெயின் ஸ்விட்ச் ஆனில் இருக்கும் வரை பவர் சப்ளையில் இருந்தே ஒரு சிறு கரன்ட் வந்துகொண்டிருக்கும். பேட்டரிக்கு வேலை இல்லை. லீவில் லேப்பின் மெயினையே அணைத்துவிட்டார்கள். வயசான பேட்டரிக்கு முழுச் சுமை. முதல் வாரத்திலேயே மூச்சு போயிருக்கும். கடிகாரம் 2000-க்கு ஓடியது. பயாஸ் கம்பெனி செட்டிங்குக்குத் திரும்பியது. இந்த போர்டில் கம்பெனி செட்டிங், ‘எஸ்’. அதற்கப்புறமும் லேப்பைப் பூட்டும்போது தினமும் மெயினை அணைத்ததால், அண்ணா மாற்றிய தேதியும் ராத்திரியோடு போனது. கார்டு இல்லை, மதர்போர்டு இல்லை... வில்லன் ஒரு பட்டன் பேட்டரி! கேன்டீனில் ரெண்டு பேர் டிபன் சாப்பிடுகிற காசுகூட ஆகாது.

புது பேட்டரி போட்டோம். பயாஸில் தேதியைச் சரிசெய்து, அந்த ஒரே ஒரு செட்டிங்கை ‘நோ’ ஆக்கினோம். பூட் ஆனது. டிமெஸேஜில் ‘ஆர்எல்0... ஐஆர்க்யூ 11’ என்று அழகாக ஒரு வரி. ‘விஎம்ஸ்டாட்’ கமாண்டில் பார்த்தால் ஆர்எல்0-வின் மணி எத்தனை தடவை அடித்தது என்ற எண் ஏறிக்கொண்டே இருந்தது. அண்ணா ஸ்க்ரீனைப் பார்த்துவிட்டு, “எழுந்துடுச்சா?” என்றார், ஆஸ்பத்திரியில் கேட்பது மாதிரி.

விளக்கு எரியுது... வண்டி நகரலை

இந்த இடத்தில் ‘சுபம்’ போட்டிருக்கலாம். ஆனா பழைய மெஷின்கிட்ட ஒரு பிரச்னைக்குப் பின்னாடி இன்னொண்ணு க்யூவில் நிற்கும்.

பாதுகாப்பு அப்டேட் நின்று இத்தனை வருஷமான மெஷினைக் காலேஜ் நெட்வொர்க்கில் விடுவது ஆபத்து. அதனால் என் லேப்டாப்புக்கும் அதுக்கும் நடுவில் ஒரே ஒரு கேபிள். அந்தக் காலத்தில் இரண்டு கம்ப்யூட்டரை நேரடியாக இணைக்க, 1, 2 கம்பிகளும் 3, 6 கம்பிகளும் இடம் மாறிய ‘கிராஸ்ஓவர்’ கேபிள் வேணும். இப்போதைய லேப்டாப்புகள் அந்த மாற்றத்தைத் தாங்களே உள்ளுக்குள் செய்துகொள்ளும். சாதாரண கேபிளே போதும்.

இரண்டாவது கேள்வி: கம்பி பேசுகிறதா? கார்டின் பின்னால் பச்சை விளக்கு எரிந்தது. ஆமா. மூன்றாவது: பக்கத்து வீட்டுக்காரர் பதில் சொல்கிறாரா? இதற்கு ‘பிங்’ அடித்துவிட்டு, கூடவே ‘ஏஆர்பி’ அட்டவணையையும் பாருங்கள். பிங் அனுப்பும் முன் உங்கள் மெஷின், ‘இந்த ஐபி முகவரி யாருடையது?’ என்று சத்தம் போட்டுக் கேட்கும். எதிரில் இருப்பவர் தன் கார்டு நம்பரைச் சொல்வார். சில மெஷின்களில் ஃபயர்வால் பிங்கைத் தடுத்து வைத்திருக்கும். ஆனால், ஏஆர்பி-க்குப் பதில் வந்துவிடும். பதில் வந்தால் போக்கும் வரவும் ரெண்டும் சரி என்று அர்த்தம். வந்தது. பிங்கும் வந்தது. நூற்றுக்கு நூறு.

ஆனால், எஃப்டிபி-யில் ஃபைலை இழுக்க ஆரம்பித்ததும்... நத்தை! வினாடிக்கு 30 கேபி. விட்டு விட்டு வந்தது. கணக்கு போட்டுப் பார்த்தேன். 6 ஜிபி வர இரண்டு நாளுக்கு மேல் ஆகும். அதுவும் நடுவில் அறுந்துபோகாமல் இருந்தால். அன்றைக்குப் புதன்கிழமை.

‘பார்த்தியா, கார்டு மட்டம்தான்’ என்று சொல்லச் சரியான சந்தர்ப்பம். ஆனால், நம்ம விதி என்ன? கேள்வி கேள். ‘நெட்ஸ்டாட்’ கமாண்டில் பழைய மெஷின் பக்கம் பார்த்தால், உள்ளே வந்தவற்றில் பிழை எண்ணிக்கை மளமளவென்று ஏறியது. என் லேப்டாப் லினக்ஸில் ‘ஈத்டூல்’ அடித்தேன். வேகம் 100. டூப்ளெக்ஸ்: ஹாஃப். பழைய மெஷினில் ‘இஃப்கான்ஃபிக்’ அடித்தேன். வேகம் 100. டூப்ளெக்ஸ்: ஃபுல்.

ஒரு பாலத்தைக் கற்பனை பண்ணிக்குங்க. இந்தக் கரையில் இருப்பவர், ‘இது இருவழிப் பாலம்’ என்று நினைத்து வண்டிகளை விட்டுக்கொண்டே இருக்கிறார். அந்தக் கரையில் இருப்பவர், ‘இது ஒருவழிப் பாலம், எதிரில் வண்டி வந்தால் நான் நிறுத்தணும்’ என்று நினைக்கிறார். ஒரே ஒரு சைக்கிள் போய்விட்டுத் திரும்பினால் பிரச்னையே தெரியாது. அதுதான் பிங். லாரி லாரியாக இரண்டு பக்கமும் ஒரே நேரத்தில் போனால்? நடுப்பாலத்தில் முட்டிக்கொண்டு நிற்கும். அதுதான் ஃபைல் காப்பி. இதற்கு ‘டூப்ளெக்ஸ் மிஸ்மேட்ச்’ என்று பெயர். விளக்கு எரியும், பிங் வரும், வேலை மட்டும் நடக்காது. ரொம்ப நல்லவன் மாதிரியே இருக்கிற திருடன்!

ஏன் வந்தது? கேபிளின் இரு முனைகளும் பேசி, ‘நாம இருவரும் ஃபுல்’ என்று ஒப்பந்தம் போட்டுக்கொள்வதற்கு ‘ஆட்டோ நெகோஷியேஷன்’ என்று பெயர். ஒரு முனை மட்டும் கையால் பூட்டப்பட்டிருந்தால் அது பேசாது. பேசாதவரைப் பார்த்த மறுமுனை, சிக்னலை வைத்து வேகத்தைக் கண்டுபிடித்துவிடும். டூப்ளெக்ஸைக் கண்டுபிடிக்க வழி இல்லை. எனவே, பத்திரமாக ‘ஹாஃப்’ என்று வைத்துக்கொள்ளணும் என்பதுதான் ஈத்தர்நெட் விதி. என் லேப்டாப் விதிப்படிதான் நடந்தது.

பழைய மெஷினின் ‘ஆர்சி டாட் கான்ஃப்’ ஃபைலைத் திறந்தேன். கார்டை ‘100, ஃபுல் டூப்ளெக்ஸ்’ என்று யாரோ பூட்டியிருந்தார். அதற்கு மேலே ஒரு குறிப்பு: ‘புது ஸ்விட்ச்சில் ஆட்டோ வேண்டாம். இரண்டு பக்கமும் ஃபிக்ஸ் செய்தாச்சு.’ தேதி 2006.

அதைப் படித்ததும் எனக்கு ஒண்ணு புரிந்தது. 2006-ல் இதை எழுதிய அந்த ஆள் செய்தது நூற்றுக்கு நூறு சரி. அன்றைக்கு எதிரில் இருந்த ஸ்விட்ச்சும் அதே மாதிரி பூட்டப்பட்டிருந்தது. இன்றைக்கு எதிரில் இருப்பது வேறு ஆள். பழைய மெஷினில் பார்க்கிற வினோதமான செட்டிங் பலதும் இப்படித்தான். அவை முட்டாள்தனம் அல்ல. வேறொரு நாளின் கேள்விக்கு யாரோ எழுதிய பதில். ஏன் என்று ஒரு வரி எழுதிவைத்த அந்த முகம் தெரியாத சீனியருக்கு ஒரு பெரிய கும்பிடு!

ஃபைலில் நான் கை வைக்கவில்லை. கமாண்டில் மட்டும் ‘மீடியா ஆட்டோசெலக்ட்’ என்று கொடுத்தேன். ரீபூட் செய்தால் பழையபடி ஆகிவிடும், அதுதான் பத்திரம். இரண்டு வினாடி விளக்கு அணைந்து எரிந்தது. ஈத்டூலில் ‘ஃபுல்’. மறுபடி காப்பி. வினாடிக்கு ஏறக்குறைய 7 எம்பி. இரண்டு நாள் வேலை பதினைந்து நிமிஷத்தில் முடிந்தது.

முடிந்ததும் ஒவ்வொரு ஃபைலுக்கும் இரண்டு பக்கமும் ‘எம்டி5’ எண் எடுத்து ஒப்பிட்டேன். ஃபைலில் ஒரு எழுத்து மாறினாலும் இந்த எண் மொத்தமாக மாறிவிடும். பாஸ்வேர்டு மாதிரியான பாதுகாப்பு வேலைக்கு இன்றைக்கு எம்டி5-ஐ நம்பக் கூடாது. ஆனால், காப்பி ஒழுங்காக வந்ததா என்று பார்க்கத் தாராளமாகப் போதும். ஒரு வித்தியாசம்கூட இல்லை.

கட் பண்ணி ஒட்டிக்குங்க!

1. பெயர் சொல்லுதா? டிமெஸேஜைப் பாருங்க. பெயர் சொல்லுற கார்டைக் குப்பையில் போடாதீங்க.

2. மணி அடிக்குதா? இன்டரப்ட் எண் ஏறணும். ஏறலைன்னா பயாஸ் பக்கம் போங்க. தேதி தப்பா இருந்தா பேட்டரியைத்தான் முதல்ல சந்தேகப்படணும்.

3. விளக்கு எரியுதா? கேபிளை மாத்திப் பாருங்க. ஒரு நேரத்தில் ஒண்ணு மட்டும் மாத்துங்க. ரெண்டை மாத்தினா எது சரியாச்சுன்னு தெரியாது.

4. பக்கத்து வீடு பதில் சொல்லுதா? முதல்ல ஏஆர்பி, அப்புறம் பிங். வெப்சைட் எல்லாம் கடைசி.

5. பிங் வருது, ஃபைல் வரலையா? ரெண்டு முனையிலும் டூப்ளெக்ஸ் பாருங்க. ஒண்ணு ரெண்டுமே ஆட்டோ, இல்லைன்னா ரெண்டுமே ஃபிக்ஸ்.

6. தினமும் அதுல வேலை பார்க்கிறவரைக் கேட்டீங்களா? இதை ஆறாவதா எழுதியிருக்கேன். நீங்க முதல்ல செய்யுங்க.

வெள்ளிக்கிழமை லாரி வந்தது. மெஷின் போய்விட்டது. அதை நிறுத்தச் சொல்லி நானும் கேட்கவில்லை. அதற்கு ஓய்வு வேண்டிய வயசுதான். போகும் முன் டிஸ்க்கை மட்டும் கழற்றி பீரோவில் வைத்தோம். இனி அது சுழல வேண்டியதில்லை. கணக்கு இப்போது மூன்று இடத்தில் இருக்கிறது. அதில் எதுவும் தரைத்தளத்தில் இல்லை!

வியாழன் மாலை அந்த ஃபைலை நானும் அண்ணாவும் சேர்ந்து ஸ்க்ரோல் செய்து பார்த்தோம். 2015 டிசம்பரில் தண்ணீர் தரையில் இருந்து ஒரு அடி ஆழத்தில். 2019 ஜூனில், சென்னையே குடத்தோடு லாரிக்கு அலைந்த நாட்களில், எண் இருக்க வேண்டிய இடத்தில் ‘தண்ணி இல்லை’ என்று அவரே டைப் அடித்திருந்தார். பத்தொன்பது நாள் தொடர்ந்து, ஒரு நாள் விடாமல், ‘தண்ணி இல்லை’. வறண்ட கிணற்றையும் தினமும் போய் எட்டிப் பார்த்திருக்கிறார் மனுஷன்.

அவர் அதையெல்லாம் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. அவருக்கு ஒரே ஒரு கவலைதான்.

“எல்லாம் சரிம்மா... நாளைக்குக் காலைல ஏழு மணிக்கு அளவை எதுல எழுதுறது?”

ஹெச்.ஓ.டி. ரூம் கம்ப்யூட்டரில் அதே ஃபைலைத் திறந்து, கடைசி வரிக்குக் கீழே கர்சரை வைத்துக் கொடுத்தேன். மறுநாள் மழைக்கோட்டோடு வந்து, எழுத்து எழுத்தாகத் தேடித் தட்டினார். அந்தத் தேதியிலும் கணக்கில் இடைவெளி இல்லை.